வால் நீங்கலாக

மேட்டூர் அணைக்கட்டு வேலைத்தலம்
1932, வைகாசி 6

அன்புள்ள மச்சான் செங்கோட்டையன் அவர்களுக்கு, சின்னுசாமி வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். இங்கே அடிக்கிற வெயிலில் சுண்ணாம்புக் கொட்டகைத் தகரத்தைத் தொட்டால் கை கொப்புளிக்கிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி, அக்காவுக்கு இருமல் நின்றதா, முள் மிதித்த கிடேரி நடக்கிறதா என்று எழுத வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்குள் ஒரு சிவப்பு நூல் இருக்கிறது, கீழே விட்டுவிடாமல் எடுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரக் குட்டையில் நான் பிடித்த விராலின் நீளம் அது. நான் வேலைக்கு இங்கே வந்த பிறகு இருவர் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்க்க வழியில்லை, மீன் நீளத்துக்கு நூல் அறுத்துத் தபாலில் அனுப்பலாம் என்று நீங்கள்தான் யோசனை சொன்னீர்கள். விரால் மட்டும், தூண்டிலில் மட்டும், நூலை இழுக்காமல் படிய வைத்து அளப்பது. தை பிறந்து வரும் முதல் சந்தையில், நூல் குட்டையாகப் போனவர் மற்றவரின் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மல்லசமுத்திரம் சந்தையைச் சுற்றி அவர் பின்னால் நடக்க வேண்டும். பேச்சு நினைவிருக்கிறதல்லவா?

பன்னிரண்டு வருஷமாக நம் ஏரிக்கரையில் உங்கள் மீனுக்குப் பக்கத்தில் என் மீன் குட்டையாகவே கிடந்தது. இந்த நூலைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், அந்தக் காலம் மலையேறிவிட்டது. சும்மாடு கட்ட ஒரு பழைய வேட்டியை எடுத்து வையுங்கள்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

சின்னுசாமி

•

மல்லசமுத்திரம்
வைகாசி 19

அன்பு மாப்பிள்ளை சின்னுசாமிக்குச் செங்கோட்டையன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கிடேரி ஓடுகிறது, உன் அக்கா கண்ணாத்தாள் இருமாமல் திட்டுகிறாள், என் முழங்கால்தான் இன்னும் மடங்க மறுக்கிறது. நீ வெயிலில் நிற்காமல் மோர் குடி.

நூல் வந்தது. காவிரித் தண்ணீரில் எதுவும் வளரும், அதில் உன் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நல்ல மீன். பொறாமை இல்லாமல் சொல்கிறேன், கொஞ்சம்தான் பொறாமை.

நான் நேற்று விடியலில் ஏரியின் உள்வாய்க்குப் போனேன். அல்லிக் கொடிக்குள் ஒன்று மூச்சு விட மேலே வந்து போனது. அந்தக் குமிழியைப் பார்த்தே சொன்னேன், இது பெரிசு என்று. தவளையைக் கோத்து இரண்டு முழம் தள்ளிப் போட்டேன், எடுத்துவிட்டது. கரை ஏற்ற முழங்கால் அளவு சேற்றில் இறங்க வேண்டியதாயிற்று. எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் உள்ள வழக்கப்படி வாலை மதகோரம் அறுத்து ஏரிக்கே விட்டுவிட்டு, மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அக்காதான் அளந்தாள். நான் அளந்தால் என் கை நீண்டுவிடுமாம்.

உன் நூலுக்கு நாலு விரல் குறைவு. கையில் தூக்கியபோது அப்படித் தோன்றவில்லை. போகட்டும், ஆனி இருக்கிறது, ஆடி இருக்கிறது.

என் வெள்ளை நூலை இதனுடன் வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

செங்கோட்டையன்

•

மேட்டூர்
ஆனி 8

மச்சான் அவர்களுக்கு வணக்கம். உங்கள் ஆசியால் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே மழை இறங்கியதா, முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

இதோ இன்னொரு சிவப்பு நூல். பழையதை விட ஒரு விரல் அதிகம். கூட வேலை செய்யும் எடப்பாடி மயில்சாமி இங்கே எல்லோரிடமும் என்னை ‘விரால் சின்னுசாமி’ என்றே சொல்லிவிட்டான். அணை வேலைக்கு வந்திருக்கும் பெரிய அதிகாரி ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டு எந்த மடுவில் தூண்டில் போடலாம் என்று கேட்டார். நான் விரலை நீட்டிய இடத்தில் உட்கார்ந்தார், மச்சான். நான் சொல்லி ஒருவர் ஓர் இடத்தில் உட்கார்ந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

உங்கள் வெள்ளை நூலை என் சிவப்பு நூலோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள், குட்டை நூல் யாருடையது என்று கேட்கிறார்கள். எனக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவருடையது என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினெட்டாம் பெருக்குக்கு ஊருக்கு வருகிறேன். அக்காவிடம் கச்சாயம் சுட்டு வைக்கச் சொல்லவும்.

சின்னுசாமி

•

மல்லசமுத்திரம்
ஆனி 27

அன்பு மாப்பிள்ளைக்கு.

இவ்விடம் சுகமே. மழை இரண்டு நாள் பெய்தது, நிலக்கடலை முளைத்துவிட்டது. நீ அதிகாரிக்கு இடம் காட்டியதை உன் அக்கா தெருவில் நாலு வீட்டுக்காவது சொல்லியிருப்பாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் நூல் இதனுடன். உன் புது நூலுக்கு ஐந்து விரல் குறைவு. இதைப் பிடிக்க ஆறு நாள் நடந்தேன், மாப்பிள்ளை. முள்ளை மாற்றினேன், தவளைக்குப் பதில் சின்னக் கெண்டை கோத்தேன், உள்வாயை விட்டு மதகுப் பக்கம் போனேன். பிடித்தவுடன் இதுதான் என் நூல் என்று நெஞ்சு நிமிர்ந்து வந்தேன். உன் அக்கா அளந்து முடித்து நூலை என் கையில் கொடுத்தாள்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். பன்னிரண்டு வருஷம் நான் உன்னை ஜெயித்தது என் கைத்திறனா, அல்லது நீ சின்னவன் என்பதாலா? இப்போது நீ வளர்ந்துவிட்டாய், நான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேனோ என்னவோ.

ஆடிக்கு வா. நேரில் பேசிக்கொள்ளலாம்.

செங்கோட்டையன்

•

மேட்டூர்
ஆடி 24

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். அக்கா கட்டிக்கொடுத்த கச்சாயத்தை மயில்சாமி தின்று தீர்த்துவிட்டான். அவளுக்கு என் நன்றி.

நான் வந்திறங்கிய அன்று காலையில் நீங்கள் ஏரியிலிருந்து கொண்டுவந்திருந்த மீனை அக்கா முறத்தில் கிடத்தி அளந்தபோது பக்கத்தில் நின்றேன். மூன்று விரல் குறைகிறது என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். அதைப் பற்றி ஒன்று எழுத நினைத்தேன். பெரிய விஷயமில்லை. இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

சின்னுசாமி

•

மல்லசமுத்திரம்
ஆவணி 30

அன்பு மாப்பிள்ளைக்கு.

எல்லோரும் நலம். ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. காய்ச்சல் ஏதும் இல்லையே?

நூல் வைக்கவில்லை என்று கவரை உதறிப் பார்க்காதே. ஆவணி முழுக்க நாலு நாள்தான் போனேன். ஒரு நாள் நல்ல மீன் ஒன்று தவளையைத் தொட்டது. இழுக்கலாமா, இன்னும் விடலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன், விட்டுவிட்டுப் போய்விட்டது. முன்பெல்லாம் யோசித்ததே இல்லை, கை தானாக இழுக்கும். இப்போது கை என்னைக் கேட்கிறது, எனக்குப் பதில் தெரியவில்லை.

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஒரு மீன் பெரிசு என்று தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன், நூல் அதைச் சிறிசு என்கிறது. ஒரு தடவை என்றால் சரி, மூன்று தடவை. அப்படியானால் நான் இத்தனை வருஷம் பெரிசு என்று சொன்னதெல்லாம் என்ன?

தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டேன். புரட்டாசியில் எப்படியும் கவுச்சி கிடையாது. கூடை சுமக்க நான் தயார், அதில் எனக்குக் குறையில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செங்கோட்டையன்

•

மேட்டூர்
புரட்டாசி 15

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

காய்ச்சல் இல்லை, வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. நீங்கள் அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. உங்களைப் போல் தண்ணீரைப் படிக்கிறவர் இந்தப் பக்கத்தில் எவரும் இல்லை. ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்திருக்கும். மழை வந்தால் எல்லாம் சரியாகும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

சின்னுசாமி

•

மல்லசமுத்திரம்
ஐப்பசி 22

(கண்ணாத்தாள் அம்மா சொல்லச் சொல்ல, தபால்காரன் சுப்பையன் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியது.)

சின்னு, நல்லாருக்கறயா சாமி? நாங்க நல்லாருக்கறோம்னு எழுதச் சொல்லோணும், ஆனா வாய் வரமாட்டீங்குது.

உங்க மச்சான் ஏரிப் பக்கம் எட்டிப் பாத்து ரெண்டு மாசமாச்சு. ஏரி நெறஞ்சு கெடக்குது. ஊரே போயிப் பாத்துட்டு வருது, இவுரு போகுல. போன வாரம் தூண்டில எடுத்துட்டுப் போயி பக்கத்து ஊட்டுச் செல்லமுத்துக்குக் குடுத்துட்டு வந்துட்டாரு. ஏனுங்கன்னு கேட்டா, மீன் புடிக்கத் தெரிஞ்சவன் கையில இருக்கட்டுங்கறாரு.

அதோட போனாச் செரி. காட்டுல மஞ்சளுக்குத் தண்ணி கட்டறதுக்குக்கூட, ‘நாஞ் சொன்னாச் செரியா இருக்குமா’ன்னு பண்ணையத்து ஆளுகளக் கேக்கறாரு. அவுங்க என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. நாங் கட்டிக்கிட்டு வந்த மனுசன் ஒன்னுந் தெரியாதவருன்னு அவுரே நெனச்சுக்கறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடீல.

ஆடிக்கு நீ வந்தன்னைக்கு, மொறத்துல மீன வெச்சு நான் அளந்தப்ப உன்ற மூஞ்சி மாறுச்சு. நீ பொறந்ததுல இருந்து நான் பாக்கற மூஞ்சி அது, என்கிட்ட மறைக்காத. என்னமோ உனக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம், அவுருக்கு எழுது.

குளுரு வந்துருச்சு, போத்திக்கிட்டுத் தூங்கு.

கண்ணாத்தாள்

•

மேட்டூர்
கார்த்திகை 4

மச்சான் அவர்களுக்கு.

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் அதை எழுதினால் அதோடு கடிதத்தை முடித்துவிடுவேன் என்று என் மேலேயே எனக்குப் பயம்.

நீங்கள் தோற்கவில்லை. ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

ஆடியில் அக்கா முறத்தில் கிடத்தி அளந்த மீனுக்கு வால் இல்லை. நீங்கள் அதை மதகோரம் ஏரிக்கு விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். அவள் மூக்கிலிருந்து அறுத்த இடம் வரை நூல் வைத்தாள். நான் இங்கே என் மீன்களை வால் நுனி வரை அளக்கிறேன். நம் ஏரியில் நாம் சேர்ந்து பிடித்த நாளில் இந்தச் சங்கடமே கிடையாது. கரையில் முழு மீனைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்ப்போம், பிறகுதான் நீங்கள் வாலை அறுப்பீர்கள். நூல் வந்த பிறகு நீங்கள் ஏரியில் அறுத்தீர்கள், அக்கா வீட்டில் அளந்தாள். வாலை விட்டதை நீங்களே வைகாசிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், படித்த எனக்கு உறைக்கவில்லை. நேரில் பார்த்தபோதுதான் உறைத்தது.

இங்கே அந்த நீளமுள்ள விராலின் வாலை மட்டும் அளந்து பார்த்தேன். ஆறு விரல். உங்களுக்குக் குறைந்தது நாலு, ஐந்து, மூன்று. மூன்று தடவையும் உங்கள் மீன்தான் பெரிசு. தூக்கிப் பார்த்து நீங்கள் சொன்னதுதான் சரி, நூல்தான் பொய்.

உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருஷத்தில் உங்களை நான் ஒன்றில் ஜெயித்தது அது ஒன்றுதான், அதை விட மனம் வரவில்லை. ஆணியில் மாட்டிய நூலைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன். ஆவணியில் நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டும் மழையைச் சாக்குச் சொன்னேனே, அதை நினைத்தால் எனக்கே என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. நேற்றே மயில்சாமியிடமும் அந்த அதிகாரியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, மச்சான்? எனக்குப் பதில் எழுதுவீர்களா?

சின்னுசாமி

•

மல்லசமுத்திரம்
கார்த்திகை 25

அன்பு மாப்பிள்ளை சின்னுசாமிக்கு.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் இருப்பதே மறந்துபோயிற்று. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

உன் கடிதத்தை உன் அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன், எனக்காக ஒரு தடவை. முதலில் கோபம் வந்தது. மறைப்பானேன், நன்றாகவே வந்தது. அதனால்தான் இருபது நாள் பதில் இல்லை. நாலு மாதம் என்னை அலைய விட்டுவிட்டாயே என்று உன்னைத் திட்டிக்கொண்டே காட்டுக்குப் போனேன், திட்டிக்கொண்டே மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டினேன். யாரையும் கேட்கவில்லை என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு வரப்பில் நின்று யோசித்தேன். வால் இல்லாமலே நான் உன் முழு மீனுக்கு மூன்று விரல் பக்கத்தில் வந்திருக்கிறேன். இதைச் செய்தவன் யார்? நான்தானே. அங்கேயே சிரித்துவிட்டேன்.

செல்லமுத்து வீட்டுக்குப் போய்த் தூண்டிலைக் கேட்டேன். அவன் அதைக் கட்டித் துண்டு காயப் போட்டிருந்தான். துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டுக் கோலைக் கொண்டுவந்தேன். ஏரி நிறைந்திருக்கும்போது விரால் எங்கே என்று எல்லோரும் நடுத்தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் கருவேலமரம் முங்கிய ஓரத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் எடுத்தது. கை என்னைக் கேட்கவில்லை, தானாக இழுத்தது.

உன் அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாள்: “இந்த ஒரு தடவைக்கு வாலோட ஊட்டுக்குக் கொண்டாங்க, அளந்துட்டு நானே கொண்டு போயி ஏரில உடறேன்.” நான் ஒப்பவில்லை. “ஏரிக்குக் குடுக்கறது ஏரிக்குத்தான். அதையுஞ் சேத்தி அளந்துதான் நாஞ் செயிக்கோணுமா?” என்றேன். மதகோரம் வாலை விட்டுவிட்டுத்தான் வந்தேன். அவள் முறத்தில் கிடத்தி அளந்தாள். பழைய நூல்கள் கிடந்தபடியே கிடக்கட்டும், அவற்றில் ஆறு விரல் கூட்ட எனக்கு இஷ்டமில்லை.

புது நூல் இதனுடன். உன் பெரிய சிவப்பு நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார். நீ வாலோடு அளந்தது, நான் வால் நீங்கலாக. மிச்சம் இரண்டு விரல் யார் பக்கம் தொங்குகிறது என்று நீயே சொல்.

ஆணியைத் திரும்ப அடி. உன் மீனும் நல்ல மீன்தான், அதில் பொய் இல்லை.

தைக்கு வந்துவிடு.

செங்கோட்டையன்

•

மேட்டூர்
தை 8

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

ஊரிலிருந்து நேற்று வந்து சேர்ந்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது, அக்காவிடம் சொல்ல வேண்டாம், சிரிப்பாள். அவளும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

நேரில் ஐந்து நாள் இருந்தும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். சந்தையில் நீங்கள் முன்னால் நடந்தீர்கள், நான் சும்மாடும் கூடையுமாகப் பின்னால் வந்தேன். உங்கள் பின்னால் நடந்த பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்காது. நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பக்கமும் திரும்பாமல் போனீர்கள்.

வெற்றிலைக் கடைப் பொன்னாயி என்னை நிறுத்தி, கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க சின்னுசாமி, இத்தாப் பெரிய விராலு, ஆரு புடிச்சதுங்க?”

“எங்க மச்சானுங்க.”

“வாலக் காணமுங்களே?”

“அது ஏரிக்குக் குடுத்தாச்சுங்க. இது மிச்சம்.”

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த கடையில் யாரும் கேட்கவில்லை, நானாகவே கூடையை இறக்கிக் காட்டிச் சொன்னேன். அதற்கடுத்த கடையிலும் சொன்னேன். அதனால்தான் அவ்வளவு பின்தங்கினேன், கூடைப் பாரத்தால் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உங்களை ஜெயித்துவிட்டேன் என்று ஆணியில் நூல் மாட்டிய நாளில்கூட என் நெஞ்சு இவ்வளவு நிமிர்ந்ததில்லை, மச்சான்.

இன்று காலை குட்டையில் ஒரு விரால் எடுத்தேன். சிவப்பு நூல் இதனுடன் இருக்கிறது. குட்டையாகத்தான் இருக்கும், உங்கள் நூலுக்கு ஒன்பது விரல் குறைவு. வாலை முதலில் காவிரிக்கு விட்டுவிட்டுத்தான் அளந்தேன்.

சின்னுசாமி